ஆறு பத்துக்குப் பார்த்த எண்ணெய்

"9.7.96. காலை 6.10. கார் அடியில் ஒரு சொட்டு. சிவப்பு. எட்டணா அகலம். கியர்பாக்ஸ்?"

என் குறிப்பேட்டில் இப்படி ஒரு வரி இருக்கிறது. நீல மை. கேள்விக்குறி மட்டும் பிறகு பென்சிலால் போட்டது. என்றைக்குப் போட்டேன் என்று எழுதிவைக்கவில்லை. வீட்டில் எது எப்போது நடந்தது என்று சந்தேகம் வந்தால் என்னைத்தான் கேட்பார்கள். புரட்டிப் பார்த்துச் சொல்லிவிடுவேன். இந்த ஒரு வரியைப் பற்றி மட்டும் யார் கேட்டாலும் என்னிடம் பதில் கிடையாது. கேட்கக்கூடியவர் ஒருவர்தான், என் மனைவி. அவளும் கேட்பதை விட்டுப் பல வருடங்கள் ஆகின்றன.

கார் 1962இல் இங்கிலாந்தில் செய்யப்பட்டது. கருநீல நிறம், சிவப்புத் தோல் இருக்கைகள், எங்கள் இரண்டு பேருக்கும் தேவைக்கு மேல் பெரியது. ஆனால் அதில் க்ளட்ச் கிடையாது. கியர் தானாகவே மாறிக்கொள்ளும். அன்றைய கல்கத்தாவில் அப்படி இன்னொரு வண்டியைத் தேடிப்பிடிப்பது நடக்கிற காரியமில்லை. கடையில் புதிதாக வாங்கக்கூடிய கார்கள் எல்லாவற்றிலும் இடது காலுக்கு வேலை உண்டு. என் மனைவிக்கு மூன்று வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து இடது கால் சூம்பிவிட்டது. முழங்காலுக்கு மேல்வரை இரும்புப் பட்டை கட்டிய பூட்ஸ் போட்டுத்தான் நடப்பாள்.

அவள் அலிப்பூர் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. நான் துறைமுக அலுவலகத்தில், ஆற்றின் நீர்மட்டத்தைப் பதிவு செய்யும் பிரிவில் இருந்தேன். நாங்கள் டாக்குரியாவில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருந்தோம். பஸ் படியில் அவளால் ஏற முடியாது. டாக்சிக்காரர்கள் பாதிப் பேர் வர மாட்டேன் என்பார்கள். மீதிப் பேர் அவள் ஏறி உட்காருவதற்குள் பொறுமை இழந்துவிடுவார்கள். அவளோடு வேலைபார்த்த வங்காள ஆசிரியை ஒருவரின் தந்தை வக்கீல், அவருக்கும் கால் ஊனம், அவருக்கென்றே தருவித்த கார் இது. அவர் இறந்த பிறகு அது மூன்று வருடம் பாலிகஞ்ச் வீட்டில் துணி போர்த்தி நின்றது. "உன் இடது காலுக்கு அதில் வேலையே இல்லை" என்று அந்த ஆசிரியைதான் ஒருநாள் என் மனைவியிடம் சொன்னார். 1992 மார்ச்சில் வாங்கினோம். ஜூனில் அவள் ஓட்டக் கற்றுக்கொண்டாள். அப்போது அவளுக்கு முப்பத்து நான்கு வயது.

அதன் பிறகு அவள் என்னைக் கேட்காமல் வெளியே போக ஆரம்பித்தாள். சனிக்கிழமைகளில் லேக் மார்க்கெட் போய்க் காபிப்பொடியும் வெற்றிலையும் வாங்கி வருவாள். சில நாள் மாலையில் ஏரிக்கரையில் காரை நிறுத்தி, ஜன்னலை இறக்கிவிட்டு, மடியில் அட்டையை வைத்துப் பரீட்சைத் தாள் திருத்துவாள். எங்கே போயிருந்தாய் என்று நான் கேட்டால், "சும்மாதான்" என்பாள். சும்மா வெளியே போவது என்பது அதற்கு முன்பு அவள் வாழ்க்கையில் இல்லாத ஒன்று.

ஆகவே, 1996 ஜூலை ஒன்பதாம் தேதி காலையில் சிமெண்டுத் தரையில் அந்தச் சிவப்புச் சொட்டைப் பார்த்தபோது, போகக்கூடியது என்ன என்று எனக்குத் தெரிந்தே இருந்தது. இந்த கியர்பாக்ஸ் போனால் அவள் ஓட்டுவதற்கு வேறு வண்டி இல்லை.

"என்ன, காருக்கு நமஸ்காரம் பண்றீங்களா?" என்றாள் வாசலில் நின்று. நான் குனிந்து தரையில் கன்னத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எண்ணெய் ஒழுகுது."

"எவ்வளவு?"

"ஒரு சொட்டு."

"ஒரு சொட்டுக்கா இவ்வளவு நேரம்? காபி ஆறிப்போச்சு."

அன்று மாலையே லேக் மார்க்கெட்டில் நாங்கள் வழக்கமாக மளிகை வாங்கும் தமிழர் கடையிலிருந்து அப்பளம் வந்த பெரிய அட்டைப்பெட்டிகளைக் கேட்டு வாங்கிவந்தேன். பிரித்து, உள்பக்கம் மேலே வரும்படி காருக்கு அடியில் விரித்தேன். சக்கரங்கள் எங்கே நிற்கின்றன என்று நான்கு மூலையிலும் குறித்தேன். சொட்டு விழுந்தால் அதைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டு, பக்கத்தில் தேதியும் மணியும் எழுதுவது என்று முடிவு செய்தேன்.

எண்ணெய் அளவையும் நானே பார்க்கத் தொடங்கினேன். அதுவரை அதை மிஸ்திரிதான் பார்த்துவந்தார். டாக்குரியா ரயில் பாதை ஓரம் தகரக் கொட்டகை போட்டிருந்த வங்காளி மெக்கானிக். அண்ணி என்ற பொருளில் என் மனைவியைப் பௌதி என்றும், அண்ணன் என்ற பொருளில் என்னைத் தாதா என்றும் கூப்பிடுவார். எங்களோடு அவர் பேசியது வங்காளம். இங்கே நினைவிலிருந்து தமிழில் எழுதுகிறேன். க்ளட்ச் இல்லாத கியர்பாக்ஸுக்கு அவர் வைத்திருந்த பெயர் மேம்சாகிப் பெட்டி.

"அப்ப நான்தான் மேம்சாகிபா?" என்று என் மனைவி ஒருமுறை கேட்டாள்.

"நீங்க பௌதி. பெட்டிதான் மேம்சாகிப். தொட்டா கோவிச்சுக்கும், என்ன கோவம்னும் சொல்லாது" என்றார் அவர்.

காரோடு வந்த கையேட்டில் கியர்பாக்ஸ் பற்றிய பக்கங்கள் கரையான் அரித்துப் போயிருந்தன. கியர்பாக்ஸ் எண்ணெயை இன்ஜின் ஓடும்போது பார்க்க வேண்டும் என்று, நாங்கள் காரை வாங்கிய நாளிலேயே அந்த ஆசிரியை சொல்லியிருந்தார். அது எங்களுக்குத் தெரியும். மற்றபடி எப்போது பார்ப்பது என்பதற்கு நான் யாரையும் கேட்கவில்லை. எனக்கே ஒரு முறை இருந்தது. ஆற்று மட்டத்தை இருபது வருடம் பதிவு செய்தவன் நான். ஒரே இடத்தில், ஒரே மணிக்குப் பார்த்தால்தான் நேற்றைய அளவோடு இன்றைய அளவை ஒப்பிட முடியும். மணி தவறிய அளவை எங்கள் அலுவலகத்தில் சிவப்பு மையால் சுழித்துவிடுவோம். ஆகவே தினமும் காலை ஆறு பத்துக்கு, வண்டி ராத்திரி முழுக்க ஆடாமல் அசையாமல் நின்ற பிறகு, இன்ஜினைப் போட்டு, இரண்டு நிமிடம் காத்திருந்து, அளவுக்கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்ப்பேன்.

முதல் நாளே எண்ணெய் கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தது. பதறிவிட்டேன். ஒரு சொட்டு என்று நினைத்தோமே, உள்ளே இவ்வளவு குறைந்திருக்கிறதே என்று. மேல்கோடு வரும்வரை புனல் வைத்து ஊற்றினேன். மூன்றாம் நாள் அட்டையில் நான்கு சொட்டுகள் விழுந்திருந்தன. எண்ணெய் குறைந்திருந்தது. மறுபடி ஊற்றினேன்.

இப்படி ஒரு வருடம் ஓடியது. ஊற்றியதைக் குறிப்பேட்டில் எழுதினேன். சொட்டியதை அட்டைகளில் எழுதினேன். அட்டைகள் நிறைந்ததும் கயிறு போட்டுக் கட்டிப் பரணில் வைத்தேன். குறிப்பேட்டையும் அட்டைகளையும் ஒருநாளும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. அதற்கு அவசியம் உண்டு என்று தோன்றவேயில்லை. ஒன்று நோய், மற்றது மருந்து என்று எண்ணியிருந்தேன்.

1997 ஆகஸ்டில் மிஸ்திரி, துர்கா பூஜைக்கு முன்னால் இதைக் கண்டுபிடித்தே தீருவது என்று இறங்கினார். பெட்டியின் வெளிப்பக்கம் முழுவதையும் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, உலரவைத்து, அதன்மேல் வெள்ளைப் பொடி தூவ வேண்டும். பிறகு வண்டியை ஓட்டினால், பொடியில் ஈரம் கோடு இழுத்துக் காட்டும். எங்கிருந்து கோடு தொடங்குகிறதோ அதுதான் ஓட்டை. சாக்பீஸை இடிக்கச் சொன்னார்.

"எதுக்கு இடிக்கணும்? எங்கிட்டே டப்பா நிறைய இருக்கு" என்றாள் என் மனைவி.

கோலப்பொடி. ஊரிலிருந்து யார் வந்தாலும் அவளுக்குக் கோலப்பொடி கொண்டுவருவார்கள். அவளால் குத்துக்காலிட்டு உட்கார முடியாது என்பது அவர்கள் யாருக்கும் நினைவிருப்பதில்லை. பொங்கலன்று முக்காலி போட்டு உட்கார்ந்து ஒரு சின்னக் கோலம் போடுவாள். மற்றபடி டப்பாக்கள் அலமாரியில் அடுக்கியிருந்தன. அன்று ஒரு டப்பாவை மிஸ்திரி கையில் கொடுத்தாள். கொட்டகைக் குழிக்குள் இறங்கி அவர் பொடியைத் தூவினார். மேலே நின்றுகொண்டு, "இன்னும் கொஞ்சம் இடது பக்கம். ஒரு சிக்கு போட்டு விடுங்களேன், அழகா இருக்கும்" என்றாள்.

கடியாஹாட் வரை அவளே ஓட்டிப் போய்த் திரும்பி வந்தாள். குழிக்குள் நானும் இறங்கினேன். வெள்ளைப் பொடியில், பெட்டியின் பின்கோடியில், அகலமாக ஒரு சிவப்புத் தடம் இருந்தது. மிஸ்திரி கையைப் பெட்டிக்கும் வண்டியின் தளத்துக்கும் நடுவே நுழைத்து மேல்பக்கத்தைத் தடவினார். விரல்களில் இளஞ்சிவப்பாகக் குழம்பு மாதிரி ஒட்டியிருந்தது.

"மேலேயும் ஈரமா?" என்றேன்.

"ஓடும்போது காத்து அடிக்கும் இல்ல, தெறிச்சிருக்கும். பின்பக்க சீல்தான் தாதா. பாருங்க, ஆறு மாதிரி ஓடியிருக்கு."

குறிப்பேட்டில் எழுதினேன்: "பின் சீல். மேலும் ஈரம். காற்றா?" அந்தக் கேள்விக்கு நான் திரும்பிப் போகவில்லை. காற்று எண்ணெயைப் பின்னால்தான் தள்ளும், முன்னாலும் மேலேயும் தள்ளாது. ஈரம் காணும் இடங்களிலேயே உயரமானதும் முன்னால் இருப்பதும் எதுவோ, அங்கேதான் தேட வேண்டும். இதைப் பிறகு வாசித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் அன்றைக்கே யோசித்திருந்தால் வாசிக்காமலே தெரிந்திருக்கும்.

அதே நாள் இன்னொன்றும் நடந்தது. ஓட்டிவந்த சூடு ஆறாத வண்டியில், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, மிஸ்திரி தற்செயலாக அளவுக்கம்பியை உருவிப் பார்த்தார். புருவத்தைத் தூக்கினார்.

"தாதா, மேல்கோட்டுக்கு மேல ஒரு விரல் இருக்கே."

நான் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தேன். "இன்னைக்குக் காலைல ஆறு பத்துக்கு மேல்கோட்டுல சரியா இருந்தது. நேத்து அதுக்கும் கீழ. முந்தாநாளும் கீழ. ஒரு வருஷமா ஒருநாள் விடாம எழுதியிருக்கேன், பாருங்க."

அவருக்குத் தமிழ் தெரியாது. எண்கள் தெரியும். விரலை வைத்துப் பக்கத்தின் மேலிருந்து கீழ்வரை இறக்கிக்கொண்டே வந்தார். மரியாதையாகத்தான் பார்த்தார். பள்ளிக்கூடத்தை நாலாவதிலேயே விட்டவர்.

"எழுதியிருக்கீங்கன்னா சரியாத்தான் இருக்கும். சூட்டுல நுரைச்சு ஏறியிருக்கும்" என்று சொல்லிக் கம்பியைத் துடைத்து உள்ளே செருகினார். அதற்குப் பிறகு அவர் அதைத் தொடவில்லை. கேட்டால், "அதான் தாதா எழுதறாரே" என்பார்.

பின் சீல், எண்ணெய் கசியாமல் தடுக்கும் அந்த ரப்பர் அடைப்பு, எங்கும் கிடைக்கவில்லை. மல்லிக் பஜாரில் பழைய சாமான் கடைகளில் நான்கு சனிக்கிழமைகள் மிஸ்திரி அலைந்து, ஏதோ ஒரு லாரியின் சீலை வாங்கி, அளவுக்குச் செதுக்கிப் பொருத்தினார். எண்ணெயைப் புதிதாக அவரே ஊற்றினார், வண்டியைச் சுற்றவிட்டு, சூட்டோடு. பத்தொன்பது நாள் அட்டை சுத்தமாக இருந்தது. என் மனைவி பாயசம் வைத்து ஒரு தூக்கில் போட்டுக் கொட்டகைக்கே எடுத்துப்போய்க் கொடுத்தாள். அந்தப் பத்தொன்பது நாளும் நான் கம்பியைப் பார்க்கவில்லை. கசிவு நின்றுவிட்டதே என்று. இருபதாம் நாள் பழக்கதோஷத்தில் ஆறு பத்துக்குப் பார்த்தேன். கீழ்க்கோட்டுக்குக் கீழே இருந்தது. ஊற்றினேன். இருபத்திரண்டாம் நாள் சொட்டியது. "கசிவு மறுபடியும்" என்று எழுதினேன்.

இனி மிச்சமிருப்பது முன்பக்க சீல் என்றார் மிஸ்திரி. அதற்குப் பெட்டியையே கீழே இறக்க வேண்டும். அவர் அப்படிப்பட்ட பெட்டியை இறக்கியதில்லை. கல்கத்தாவில் இறக்கியவர் யாரையும் அவருக்குத் தெரியாது.

"வேண்டாம்னு தோணுது" என்றாள் என் மனைவி அன்று இரவு சாப்பிடும்போது. "ஒழுகட்டுமே. நீங்கதான் ஊத்தறீங்களே."

"ஒருநாள் நடு ரோட்டுல நின்னா?"

"இதுவரைக்கும் நிக்கலையே."

"சீல் மொத்தமா போச்சுன்னா ஒரே நாள்ல பெட்டி காலி. அப்புறம் யார் செய்வா?"

இயந்திர விஷயங்களில் என் குறிப்பேட்டை எதிர்த்துப் பேச அவளிடம் எதுவும் இல்லை. 1998 பிப்ரவரி இரண்டாம் தேதி வண்டி கொட்டகைக்குப் போனது. மார்ச் பதினான்காம் தேதி திரும்பி வந்தது. நடுவே நாற்பது நாள் அவள் டாக்சிக்காக டாக்குரியா பாலத்தடியில் நின்றாள்.

வண்டி முன்னால் போனது. பின்னால் போகவில்லை. ரிவர்ஸ் போட்டால் இன்ஜின் இரைந்தது, வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. மிஸ்திரி இன்னொரு முறை இறக்கிப் பார்த்தார். உள்ளே ஒரு வளையம் முறிந்திருந்தது. மாட்டும்போது முறிந்திருக்கும் என்று அவரே சொன்னார். தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். அந்த வளையம் மல்லிக் பஜாரில் இல்லை. வேறு ஊர்களுக்கு எழுதினேன், அங்கும் இல்லை. காரைச் செய்த ஊரிலேயே அதைச் செய்வதை நிறுத்தியிருந்தார்கள்.

இரண்டு வருடம் அவள் ரிவர்ஸ் இல்லாமல் ஓட்டினாள். கணக்கு ஆசிரியை என்பதால் அதையும் ஒரு கணக்காகப் போட்டாள். முட்டுச்சந்துகளுக்குப் போவதில்லை. முன்னால் நுழைந்து முன்னாலேயே வெளியேறக்கூடிய இடத்தில்தான் நிறுத்துவாள். லேக் மார்க்கெட் போவதை விட்டாள், ஏரிக்கரையை வைத்துக்கொண்டாள். பள்ளியில் வண்டியை வெளியே எடுக்க வாசல் காவலரான தர்வான் தள்ளிவிடுவார். எங்கள் வீட்டுக் கார் கொட்டிலில் நான் தள்ளுவேன். அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே ஸ்டியரிங்கைத் திருப்புவாள்.

கசிவு மட்டும் அப்படியே இருந்தது. நானும் காலை ஆறு பத்துக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன்.

1998 செப்டம்பர் பதினொன்றாம் தேதி மாலை, அவள் பள்ளியிலிருந்து வருகிற வழியில் காலையில் திறந்திருந்த ஒரு தெருவில், மாலைக்குள் பூஜைப் பந்தலுக்கு மூங்கில் நட்டுவிட்டார்கள். அவள் பாதித் தெரு வந்தபிறகுதான் பார்த்திருக்கிறாள். பின்னால் ஒரு டெம்போவும் இரண்டு ரிக்‌ஷாக்களும் வந்து நின்றுவிட்டன. மூங்கில் மேல் உட்கார்ந்திருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"பௌதி, பின்னால எடுங்க."

"போகாது."

"ஏன் போகாது?"

"ரிவர்ஸ் இல்ல."

"இவ்வளவு பெரிய வண்டிக்கு ரிவர்ஸ் இல்லையா? துர்கா சிலை வர்ற வரைக்கும் இங்கயே இருங்க, ஒரேயடியா பூஜை பண்ணிடறோம்."

டெம்போக்காரர், "இறங்குங்க, நாங்க தள்றோம். ஆள் உள்ள இருந்தா கனம்" என்றாராம். இவள் கதவைத் திறந்து, முதலில் வலது காலை வைத்து, பிறகு இரண்டு கையாலும் இடது காலைத் தூக்கி வெளியே வைத்திருக்கிறாள். இரும்புப் பட்டை தெரிந்ததும் எல்லோரும் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். "அதுவரைக்கும் கிண்டல் பண்ணிட்டிருந்தது நல்லா இருந்தது" என்று என்னிடம் சொன்னாள். "அதுக்கப்புறம் நாலஞ்சு பேர் வந்து, உக்காருங்க பௌதி, உக்காருங்கன்னு சொல்லி, நாற்காலி கொண்டுவந்து போட்டாங்க. அதுதான் தாங்கல."

அதற்குப் பிறகு ஏரிக்கரையும் நின்றது. பள்ளி, வீடு, அவ்வளவுதான்.

1999 ஆகஸ்டில் நான் அந்த வங்காள ஆசிரியைக்கு எழுதினேன். அவர் ஓய்வுபெற்று மகளோடு கனடாவில் இருந்தார். உங்கள் தந்தை காலத்தில் இந்த வண்டியில் எண்ணெய்க் கசிவு உண்டா, இருந்தால் எங்கே என்று தேதிவாரியாக என் விவரங்களையும் இணைத்து ஆறு பக்கம். நவம்பர் பதினேழாம் தேதி பதில் வந்தது. கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. அதில் எனக்கு வேண்டிய பகுதி இது:

"கசிவு இருந்ததாக நினைவில்லை. ஆனால் அப்பா காலையில் எண்ணெய் பார்த்து நான் கண்டதே கிடையாது. கோர்ட்டிலிருந்து வந்ததும் இன்ஜினை நிறுத்தாமல், கறுப்புக் கோட்டைக் கழற்றாமல் பார்ப்பார். கோட்டில் கறை என்று அம்மா சத்தம் போடுவாள். அவருடைய பெட்டியில் இந்தப் பக்கங்கள் இருந்தன. நகல் அனுப்பியிருக்கிறேன்."

இணைத்திருந்தது கையேட்டில் கரையான் அரித்த பக்கங்கள்தான், அவர் தனியாக எடுத்துவைத்திருந்த வேறொரு பிரதியிலிருந்து. எண்ணெயைச் சில மைல் ஓட்டிய பிறகு, சூடாக, இன்ஜின் ஓடும்போது பார்க்க வேண்டும். குளிர்ந்த எண்ணெய் கம்பியில் குறைவாகக் காட்டும். அதைப் பார்த்து மேலே ஊற்றினால், சூடானதும் எண்ணெய் விரிந்து, உள்ளே சுற்றும் சக்கரங்களில் அடிபட்டு நுரைத்து, பெட்டியின் உச்சியில் காற்றுப் போக விட்டிருக்கும் துளை வழியாக வெளியேறும்.

அன்று மாலை பரணிலிருந்து அட்டைகளை இறக்கி, குறிப்பேட்டோடு சேர்த்துக் கூடத்தில் பரப்பினேன். அவள் பள்ளியிலிருந்து வருவதற்குள் பார்த்து முடித்துவிட்டேன். நான் ஊற்றிய ஒவ்வொரு தேதிக்கும் பிறகு, இரண்டு நாளிலோ மூன்று நாளிலோ, சொட்டுகள். ஊற்றாத பத்தொன்பது நாளில் ஒன்றுகூட இல்லை. இவ்வளவு ஒழுங்கான பதிவை நான் அலுவலகத்தில்கூடப் பார்த்ததில்லை. எல்லாவற்றையும் மறுபடி கட்டி மேலே வைத்தேன்.

பதினோரு நாள் அவளிடம் சொல்லவில்லை. அந்த நாட்களில் வேறு ஒன்று செய்தேன். அதிகமாக இருந்த எண்ணெயை மிஸ்திரியிடம் சொல்லி இறக்கினேன். ஏன் என்று அவர் கேட்டார். சொன்னேன். கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டார். "அன்னைக்கு ஒரு விரல் மேல இருந்ததே தாதா" என்று மட்டும் சொன்னார். கசிவு நின்றது. நவம்பர் இருபத்தெட்டாம் தேதி, அவள் மேஜையில் தாள் திருத்திக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"கசிவு எதனாலன்னு தெரிஞ்சுபோச்சு."

"எதனால?"

"என்னால."

கடிதத்தையும் நகல்களையும் கொடுத்தேன். சிவப்புப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே இரண்டு முறை படித்தாள்.

"தினமும் காலைல எழுந்து போய் ஊத்தினீங்களே, அதா?"

"அதேதான்."

உறையைத் திருப்பி முத்திரையைப் பார்த்தாள். "இது வந்து பத்து நாள் ஆச்சா?"

"பதினொண்ணு."

"அதுல மட்டும் உங்களுக்குத் தப்பே வராது" என்றாள்.

அடுத்த தாளை எடுத்துத் திருத்த ஆரம்பித்தாள். நான் அங்கேயே நின்றேன். இரண்டு மூன்று தாள் ஆன பிறகு, தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"ரிவர்ஸ் திரும்ப வருமா?"

"வராது."

"அப்ப எதுக்கு இப்பச் சொல்றீங்க?"

கடிதத்தை எடுத்து மடித்துக் குறிப்பேட்டுக்குள் வைத்தேன்.

2000 மார்ச்சில் முன்னால் போகும் கியர்களும் நழுவத் தொடங்கின. வண்டி ஒரு வருடம் கொட்டிலில் நின்றது. 2001 கோடையில், டாலிகஞ்ச் ஸ்டூடியோக்களுக்குப் பழைய வண்டிகள் கொடுக்கும் ஒருவர் வந்து பார்த்தார். ஓடாது என்று சொன்னேன். "ஓட வேண்டாம். படத்தில் ஆட்கள் தள்ளிக்கொள்வார்கள்" என்றார். கயிறு கட்டி இழுத்துப் போனார்கள். அப்போது ஊருக்குக் கொல்கத்தா என்று பெயர் மாறியிருந்தது. வண்டி இருந்த இடத்தில் கடைசி அட்டை கிடந்தது. அதில் ஒரு சொட்டுகூட இல்லை.

அவள் டாக்சியில் போய்வந்தாள். 2003இல், ஓய்வுக்கு இன்னும் வெகுகாலம் இருக்கும்போதே வேலையை விட்டாள். 2006இல் நியூ டவுனில் லிஃப்ட் உள்ள அடுக்குமாடிக்குக் குடிபோனோம். க்ளட்ச் இல்லாத சின்னக் கார்கள் அதற்குள் கடைகளிலேயே வந்துவிட்டன. 2007 ஜனவரியில் நான்தான் அவளைக் கட்டாயப்படுத்தி ஒன்றைப் பார்க்க அழைத்துப் போனேன். அவள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்தாள். அங்கிருந்த விற்பனையாளர் நல்ல பிள்ளை; "மேடம், இதில் காலுக்கு வேலையே இல்லை மாதிரி" என்று இந்தியில் சொன்னான். அவள் பிரேக்கை மிதித்து அழுத்திப் பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் வலது முழங்கால் நடுங்க ஆரம்பித்தது. நாற்பது வருடத்துக்கு மேல் இரண்டு காலின் வேலையையும் செய்த கால் அது. அந்த நோய் இத்தனை காலம் கழித்து நல்ல காலையும் பிடிக்கும் என்று மருத்துவர் முந்தின வருடம்தான் சொல்லியிருந்தார்.

"ஒரு கால் வேணும்ப்பா" என்று அவனிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "என்னை இறக்குங்க" என்றாள்.

டாக்சியில் வீடு திரும்பும் வழியில் அவள் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். ஏரிக்கரைப் பக்கம் வண்டியை விடச் சொல்லலாமா என்று கேட்டேன். சுற்று அதிகம், வேண்டாம் என்றாள்.

எனக்கு இன்னும் தீராத ஒன்று உண்டு. என் தவறு தொடங்கியது அந்த முதல் சொட்டுக்குப் பிறகு. அதற்கு முன்பு நான் கம்பியைத் தொட்டதே இல்லை. அப்படியானால் அந்தச் சொட்டு எங்கிருந்து வந்தது? குறிப்பேட்டில் 1996 ஜூலை ஆறாம் தேதிக்கு எதிரே "கார் சர்வீஸ், மிஸ்திரி கொட்டகை" என்று மட்டும் இருக்கிறது. அன்று அவர் கியர்பாக்ஸுக்கு எண்ணெய் ஊற்றியிருந்தால், புனலிலிருந்து சிந்திய கொஞ்சம் எங்காவது தங்கியிருந்து, மூன்றாம் நாள் காலையில் ஒரு சொட்டாகத் தரையில் விழுந்திருக்கலாம். அப்படியென்றால் கசிவு என்று ஒன்று இருக்கவேயில்லை. ஊற்றவில்லை என்றால், எங்கோ ஒரு சிறு கசிவு உண்மையிலேயே இருந்திருக்கிறது. நான் கவலைப்பட்டதிலாவது நியாயம் இருந்தது.

1999 டிசம்பரில் மிஸ்திரியிடம் கேட்டேன்.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒருநாள் என்ன ஊத்தினேன்னு கேக்கறீங்க" என்றார். "நீங்கதானே தாதா எழுதி வைக்கறவர்."

என் மனைவியிடமும் கேட்டேன். அன்று கொட்டகைக்கு ஓட்டிப்போனது அவள்தான். நாற்காலியில் உட்கார்ந்து தாள் திருத்தியது ஞாபகம் இருக்கிறது, வண்டியைப் பார்க்கவில்லை என்றாள். டாக்குரியா வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். அந்தச் சிமெண்டுத் தரையும் போய்விட்டது. 1996 ஜூலை ஒன்பதாம் தேதி காலை 6.10க்கு நான் பார்த்த சொட்டு கியர்பாக்ஸிலிருந்து கசிந்ததா, மூன்று நாள் முன்பு சிந்தியதா என்பது இதை எழுதும் இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.